ஊஞ்சக்காட்டுக்காரி

சித்திரபுரத்தில் ஜீப்பை விட்டு இறங்கியபோது ரத்தினசாமியின் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. உடுமலையில் பஸ் ஏறி, மறையூர் வழியாக மலையைச் சுற்றிச் சுற்றி வந்தும், ஒரு முறைகூட அவர் சீட்டில் முதுகைச் சாய்க்கவில்லை. சாய்ந்து உட்காருவது அந்தக் குடும்பத்து ஆண்களுக்குப் பழக்கமில்லை.

மதியம் திரும்பியிருந்த நேரம்தான். ஆனால் மூடுபனி இறங்கி மின்வாரியக் குடியிருப்பை விழுங்கியிருந்தது. ஓட்டு வீடுகளின் வாசற்படி மட்டும் தெரிந்தது, கூரை தெரியவில்லை. எங்கோ கீழே, குழாய்க்குள் தண்ணீர் பாய்கிற இரைச்சல் நிற்காமல் கேட்டது. நனைந்த சாக்கின் வாடை.

ஜின்சன் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. படியில் ஒரு வயதான அம்மாள் அவரையே எதிர்பார்த்தவள்போல நின்றாள். ஜின்சனின் தாய் இருதயம்மாள்.

"வாங்க சம்பந்தி."

"ஆருக்கு ஆரு சம்பந்தி?" என்றார் ரத்தினசாமி.

அவள் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பால் சேர்க்காத கட்டன் சாயா கொண்டுவந்தாள். அதை அவர் கண்ணால்கூடத் தொடவில்லை. இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று பொள்ளாச்சிக்கு மேற்கே இருக்கிற சித்தூரிலிருந்தே முடிவு செய்து வந்தவர்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சித்தூருக்குக் கிழக்கே ஊஞ்சக்காட்டுத் தோட்டம் என்றால் நாலு ஊருக்குத் தெரியும். அந்த வீட்டு மூத்த பெண் ஜீவிதா, கல்லூரியில் படிக்கும்போது, கம்ப்யூட்டரில் ஏதோ விளையாட்டு ஆடி, அதன் வழியாகவே இந்த எஸ்டேட் பையன் ஜின்சனோடு பழகி, ஒரு விடியலில் கிழக்கு வாசல் வழியாக நடந்து வெளியே போனாள். சாதியும் வேறு, வேதமும் வேறு. அன்றைக்கே ரத்தினசாமி ஊரார் பார்க்கக் கிணற்றடியில் அவளுக்குத் தலை முழுகினார். உயிரோடு இருக்கிற மகளுக்கு. அதோடு விடவில்லை. அவள் தாண்டிப்போன கிழக்கு வாசலின் கதவைப் பெயர்த்தெடுத்துவிட்டு, ஹாலோ பிளாக் வைத்து அடைத்தார். வெளிப்புறம் சிமெண்ட்கூடப் பூசவில்லை. பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று விட்டார். வடக்குச் சுவரை இடித்துப் புது வாசல் வைத்தார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஜீவிதா இறந்துபோனாள். போனில் சொன்னபோது, "எங்க ஊட்டுல அவ செத்து வெகுநாளாச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இப்போது இளையவள் தமிழ்ப்ரியாவுக்கு நிச்சயம். பொள்ளாச்சிப் பக்கம் நல்ல குடும்பம். எல்லாம் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளையின் தம்பி போனில் கூப்பிட்டான். "மாமா, உங்க மூத்த பொண்ணு எறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. ஆனா தினமும் கேம்ல வர்றாங்களே? பேருகூட ஊஞ்சக்காட்டுக்காரி."

குடும்பப் பெயர். தோட்டத்துப் பெயர். அதை எவனோ ஒருவன் பொம்மைக்கு வைத்து ஊருலகம் சிரிக்க ஆட்டிக்கொண்டிருக்கிறான். எவன் என்று ரத்தினசாமிக்குத் தெரியாதா?

அறைக்குள்ளிருந்து ஜின்சன் வந்தான். லைன்மேன் வேலை பார்க்கிறவன், தோள் அகலம். கண் மட்டும் தூங்காதவன் கண்.

"ஏன்டா, செத்தவ பேர்ல வேசங்கட்டி ஆடறயா? வெக்கமில்ல?"

"நான் ஆடல, அய்யா."

"பின்ன ஆரு?"

ஜின்சன் அறையைக் காட்டினான். மேசைமேல் கம்ப்யூட்டர், ஒரு துப்பட்டாவால் மூடப்பட்டிருந்தது. துப்பட்டாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவள் போனபின் யாரும் கைவைக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"அவ ரகசியச் சொல் எனக்குத் தெரியாது. கேம் கம்பெனிக்காரனுக்கு எழுதினேன். பதிலே இல்ல. நானும் ஒரு தடவ என் செல்லுலருந்து உள்ள போய்ப் பாத்தேன். அவ அங்க நிக்கா. அதுக்கப்புறம் நான் போகல. பயமாயிருக்கு."

"கரண்டுக் கம்பத்துல ஏறுறவனுக்குப் பொம்மையப் பாத்துப் பயமாக்கும்!"

"கம்பத்துல கரண்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் அய்யா."

ரத்தினசாமி துப்பட்டாவைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார். "போடு. என் கண்ணு முன்னால அந்தப் பேர அழி. அழிச்சிட்டேன்னு பாத்துட்டுத்தான் இந்தப் படி எறங்குவேன்."

ஜின்சன் பொத்தானை அழுத்தினான். விளையாட்டு ரகசியச் சொல் கேட்கவில்லை. நேராகத் திறந்துகொண்டது.

பெரிய நகரம் ஒன்று விரிந்தது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே முகமூடியும் தோள்துணியும் கட்டிய உருவங்கள் பறந்தன, குதித்தன, சண்டையிட்டன. ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் எந்தெந்த நாட்டிலோ ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று ஜின்சன் தாழ்ந்த குரலில் சொன்னான். எல்லோரும் சேர்ந்து அந்த நகரத்தைக் காப்பாற்ற வேண்டுமாம். ஆளுக்கொரு சக்தி. சொந்தமாக ஓர் இடமும் கட்டிக்கொள்ளலாம்.

"எல்லாரும் கோட்டை கட்டுவாங்க. இவ ஒரு வீடு கட்டினா" என்றாள் இருதயம்மாள், கதவோரம் நின்று. "ராத்திரி பகல்னு இல்ல. ஒவ்வொரு தூணா வச்சா. எங்கப்பா வீடு அத்தேன்னு சொல்லுவா."

திரை நகரத்தை விட்டு விலகி ஓரிடத்தில் நின்றது.

ஊஞ்சக்காட்டு வீடு.

மாட்டுச்சாளை, தண்ணித்தொட்டி, களத்துமேட்டு ஊஞ்சை மரம். ஓட்டில் ஒரு மூலையில் மட்டும் புது ஓடு. அது அவர் போன சித்திரையில் மாற்றியது. வீட்டுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம். தோளில் நீலத் துணி. இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, முதுகு ஒரு நூல் வளையாமல் நின்றது.

ரத்தினசாமி தம்மையறியாமல் தமது கைகளை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதுவரை அவை பின்னால் கட்டியிருந்தன.

"உங்களப் போலவே நிக்கணும்னு செஞ்சா" என்றான் ஜின்சன். "எங்கப்பா நின்னா ஒரு பய எதிர்ல வரமாட்டான்னு சொல்லுவா. சக்தியும் கைபலமா கேட்டு வாங்குனா. அந்தக் கை மலையப் பேர்க்கும். ஆனா இந்தக் கதவ மட்டும் அவ ஒருநாளும் ஒடச்சதில்ல. தட்டுவா. அவ்வளவுதான்."

"கதவா? எங்கடா கதவு?"

ஜின்சன் திரையை உற்றுப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "கதவுதான் வச்சிருந்தா... இது நான் பாக்கலியே."

கிழக்கு வாசல் இருந்த இடத்தில் ஹாலோ பிளாக் சுவர் நின்றது. பூசாத சுவர். மூன்றாம் வரிசையில் கொத்தனார் கோணலாக வைத்த கல்கூட அப்படியே கோணலாக இருந்தது.

"ஆருடா சொன்னது உனக்கு? எங்க ஊட்டுப் பக்கம் வந்தயா நீ?"

"சத்தியமா இல்ல அய்யா. இந்தச் சுவரு எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது."

உருவம் வலக்கையை உயர்த்தியது. சுவரைத் தட்டியது.

அடிக்கிற தட்டு இல்லை. தூங்குகிறவரை எழுப்பப் பயந்து தட்டுகிற தட்டு.

கீழே எழுத்துகள் ஓடின. *அப்பா, கதவெத் தொறங்க.*

ரத்தினசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க அப்படித்தான். செத்தும் விடமாட்டாளா? உலகத்து முன்னால் நின்று தகப்பனைக் கதவடைத்தவன் என்று சொல்லிக் காட்டுகிறாளா?

"அழிடா."

"என் கையால மாட்டேன். வெட்டிப் போட்டாலும் மாட்டேன்."

"எப்படி அழிக்கறதுன்னு சொல்லு."

ஜின்சன் அழுதுகொண்டே திரையில் ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். அழிப்பதானால் அந்தப் பெயரை முழுதாக எழுதிக் காட்ட வேண்டும். ரத்தினசாமி ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினார். தமது தோட்டத்தின் பெயரை. கடைசி எழுத்துக்கு விரல் போனபோது உருவம் திரும்பியது.

முகமூடிக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவர் வீட்டுக் கண்கள்.

அவர் அமுக்கினார்.

உருவம் இல்லை. மரம், தொட்டி, களம் எல்லாம் இருந்தன. வாசலில் யாரும் இல்லை.

"ஜின்சா" என்று கூப்பிட்டாள் இருதயம்மாள். சமையலறைக்குப் போயிருந்தவள், கையில் தீப்பெட்டியோடு நின்றாள். "கரண்டு எப்பவோ போயிடுச்சே. நீங்க எதுல பாக்கீங்க?"

அறை இருட்டாகத்தான் இருந்தது. விளக்கு எரியவில்லை.

திரை மட்டும் எரிந்தது.

அதில், வீட்டுக்குள்ளிருந்து, சுவரின் மறுபக்கத்திலிருந்து, தட்டும் ஓசை கேட்டது. பிறகு திரையும் அணைந்தது.

"உள்ள போயிட்டா" என்றாள் இருதயம்மாள், மெல்ல.

ரத்தினசாமி தோள்துண்டை உதறினார். "எங்க ஊட்டுச் சாமான் ஏதாவது வச்சிருந்தீங்கன்னா இப்பவே குடுத்துருங்க. இனிமே ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல."

"என்னத்தக் கொண்டாந்தா அவ? நீங்க வாங்கிக் குடுத்த செருப்பு ஒண்ணுதான். வாரு அறுந்து கறுப்பு நூலு போட்டுத் தச்சது. வீட்டுக்குப் போகணும், செருப்பப் போட்டு விடுங்கன்னு கெடந்தா கடைசியில. அதனால காலுல போட்டே பொட்டியில வச்சோம். வேணும்னா கல்லறையில போயித் தோண்டிக்கிடுங்க."

அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. ரத்தினசாமி பனிக்குள் இறங்கினார்.

நிச்சயத்தன்று நல்ல வெயில். முற்பகல். ரத்தினசாமி வெளுத்த வேட்டி சட்டையில் வடக்கு வாசலில் கை கூப்பத் தயாராக நின்றார். பக்கத்தில் சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் அந்த வாசலில் கால் வைக்கும்போது முதலில் பார்ப்பது அவர் முகமாக இருக்க வேண்டும். ஊஞ்சக்காட்டுக் குடும்பத்து மரியாதை அது. விளையாட்டிலும் பெயர் அழிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தம்பியே போனில் ஒப்புக்கொண்டான். துடைத்தாயிற்று.

தோட்டத்து வேலிக்கு வெளியே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. பெண்களின் பேச்சு, வளையல் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை. வீட்டை நெருங்கி வந்தன.

வந்தன. ஆனால் யாரும் வீட்டைச் சுற்றி வடக்கே வரவில்லை.

பேச்சுச் சத்தம் நின்றது. களத்தில் காகம்கூட இல்லை.

பிறகு அதே பேச்சும் வளையலும் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டன.

வீட்டுக்குள்.

ரத்தினசாமி திரும்பினார். கூடத்து ஜமுக்காளத்தில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அவர் பக்கத்துக் கிண்ணத்தில் சந்தனம் விரல் படாமல் வழவழவென்று இருந்தது. மாப்பிள்ளையின் தம்பி மட்டும் தலையைக் குனிந்திருந்தான். நிமிரவே இல்லை.

மாப்பிள்ளையின் தாய் மருதாத்தாள் சிரித்தாள். "ஏனுங் சம்பந்தி, நீங்க இந்தப் பக்கம் நின்னுட்டு ஆருக்குக் காத்துட்டிருக்கறீங்? நாங்க கெழக்கு வாசல்லயே வந்துட்டமுங்க. வாங்க வாங்கன்னு ஒரு பொண்ணு எவ்வளவு மரியாதியாக் கூப்பிட்டுச்சு தெரியுங்களா! தோள்ல நீலத் துணி போட்டுட்டு. அப்படியே உங்களாட்டவே நிமுந்து நிக்குதுங்க. ஆருங்க அது?"

தமிழ்ப்ரியா அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தாள்.

அப்படி யாரும் இல்லை என்று சொன்னால், இத்தனை பேரும் எதன் கையால் சந்தனம் வாங்கினார்கள் என்று கேள்வி வரும். ஜமுக்காளம் காலியாகும். வேன் திரும்பிப் போகும். கூடம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வீட்டையே இடித்திருக்கலாம்.

"எங்க ஊட்டுப் பொண்ணுதானுங்க" என்றார். பல்லுக்கிடையில் வந்தது. "மூத்தவ."

கூடத்தின் கிழக்குச் சுவரில் காலண்டர் தொங்கியது. அடைத்த சுவர். ஒரு கல்கூட அசையவில்லை. ஆனால் காலண்டரின் தாள்கள், காற்றே இல்லாத கூடத்தில், யாரோ கடந்துபோனதுபோல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தன.

அவர் வெளியே போனார். வீட்டைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்தார்.

பூசாத சுவருக்கு முன்னால், வந்தவர்களின் செருப்புகள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் செருப்பு, பெண்கள் செருப்பு, குழந்தையின் சின்னச் செருப்பு. எல்லாவற்றின் முனையும் சுவரைப் பார்த்திருந்தது, உள்ளே போனவர்கள் கழற்றிவிட்டபடி.

வரிசையின் கடைசியில் இன்னொரு ஜோடி. வாரில் கறுப்பு நூல் தையல். அடியில் மலையின் செம்மண், அந்த வெயிலிலும் காயாமல்.

அதன் முனையும் சுவரைத்தான் பார்த்திருந்தது.