பென்சன் வெட்டிய குழி

வண்டி நின்றதும் ஜெபசீலி சாமானை இறக்கவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"பக்கத்தில குவாரி ஏதும் இருக்கா அம்மா?"

"இருந்துச்சும்மா. மூடி வருசக்கணக்கா ஆயிடுச்சு. இப்ப ஆடுதான் மேயுது," என்றாள் வெங்கடம்மாள்.

அதற்குப் பிறகுதான் ஜெபசீலியின் புருஷன் சவரியப்பன் மினி லாரியின் பின்கதவைத் திறந்தான். ஏழு வயது மகள் ப்ரீதா குதித்திறங்கி உள்ளே ஓடினாள். ராயக்கோட்டையைத் தாண்டி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. கல்யாணமான பின் அவர்கள் எத்தனையோ வீடு மாறிவிட்டார்கள்.

ஜெபசீலி இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவள். போரின் கடைசி மாதங்களில் அவளுடைய முதல் புருஷன் பென்சன் முற்றத்தில் பதுங்க ஒரு பங்கர் குழி வெட்டினான். மண்மூட்டைக்குச் சாக்கு கிடைக்காமல், அவள் சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பினான். செல் குண்டு வந்தபோது அவளை உள்ளே தள்ளினான். அவன் இறங்க நேரமிருக்கவில்லை.

போர் முடிந்தது அவனுக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரிக்கா பஞ்சம்? அருகில் எங்கே பாறைக்கு வெடி வைத்தாலும், அவர்கள் குடியிருந்த வீட்டின் தரையில் குழி விழுந்தது. சூளகிரியில் முழங்கால் ஆழம். கல்லாவியில் இடுப்பளவு. ஒவ்வொரு முறையும் பெட்டியில் ஒரு சேலை குறையும். சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ராயக்கோட்டையில் மழைக்காலம் முழுக்க நிம்மதியாகப் போனது. ஜெபசீலி ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தாள். ப்ரீதா வெங்கடம்மாளிடம் தெலுங்கு பேசக் கற்றுக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒரு மதியம், மலைக்குப் பின்னால் வெடிக்கு முன் ஊதும் குவாரிச் சங்கு ஊதியது.

தரை அதிர்ந்தது. ஓட்டிலிருந்து புழுதி கொட்டியது.

"யாரோ புதுசா ஏலம் எடுத்துட்டாங்களாம்மா. இனி தெனமும் இப்பிடித்தான்," என்றாள் வெங்கடம்மாள்.

மறுநாள் காலை பின்னறையில் ஈர மண் வாசனை அடித்தது. ராத்திரி ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. ஆனால் சிமெண்ட் தரை பிளந்து, ஆளுயரத்துக்குக் குழி. அதன் விளிம்பில் ஜெபசீலியின் கல்யாணச் சேலை, துண்டு துண்டாக வெட்டித் தைக்கப்பட்டு, மண் திணித்த மூட்டைகளாக அடுக்கியிருந்தது.

சவரியப்பன் மண்வெட்டியால் அள்ளி அள்ளிக் குழியை மூடினான். மேலே ஏறி மிதித்தான்.

"சண்ட முடிஞ்சு போச்சுய்யா! இவ எம் பொண்டாட்டி. அது எம் புள்ள. நீ போயிரு!"

ஜெபசீலி மண்ணோடு முகம் வைத்துக் கிசுகிசுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதப்பா. இனி ஒருத்தரும் செல் அடிக்க மாட்டினம். நீங்கள் போங்கோ."

கீழே ஏதோ சுரண்டியது. நின்றது.

"பிள்ளையை இறக்கு," என்றது பென்சனின் குரல். "கெதியா."

அதில் கோபமே இல்லை. அவசரமும் அக்கறையும்தான் இருந்தன.

அன்றே கிளம்புவதென்று முடிவு செய்தார்கள். சவரியப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு குந்தாரப்பள்ளிக்கு வீடு பார்க்கப் போனான். ப்ரீதாவை வெங்கடம்மாளிடம் விட்டுவிட்டு, ஜெபசீலி கம்பெனியில் சொல்லிக்கொள்ளப் போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சங்கு கேட்டது.

இறங்கி ஓடினாள். வெங்கடம்மாள் வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ப்ரீதா எங்க?"

"அப்பா கூப்புடுறாருன்னு ஓடிச்சேம்மா. உங்க வீட்டுக்காரரு வந்துட்டாருன்னு நெனச்சேன்."

வாசலில் வண்டி இல்லை.

பின்னறைத் தரை சமமாக மூடியிருந்தது.

ஜெபசீலி நகத்தால் தோண்டினாள். வெங்கடம்மாள் போட்ட கூச்சலில் தோட்டத்து ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். வரிசை வரிசையாக மண்மூட்டைகள் வெளியே வந்தன. அவற்றுக்குக் கீழே ப்ரீதா சுருண்டு கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூச்சும் இல்லை.

காற்றுக்கூடப் புகாதபடி பென்சன் அவளை அவ்வளவு பத்திரமாக மூடியிருந்தான்.

மண்வெட்டியில் சவரியப்பனின் கைரேகை இருந்தது. காலையில் குழியை மூடியதை அவனே ஒப்புக்கொண்டான். அப்பா கூப்பிட்டதாகச் சொல்லிப் பிள்ளை ஓடியதை வெங்கடம்மாளும் சொன்னாள். போலீசுக்கு அது போதும். "நீயாச்சும் சொல்லு ஜெபா!" என்று ஜீப்பிலிருந்து கதறினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள் மதியம், ஜெபசீலி மலையைச் சுற்றி நடந்து குவாரிக்குள் இறங்கினாள். சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

"பரபேடம்மா! போகாதம்மா! வெடி வெச்சிருக்கு!" சிவப்புக் கொடி பிடித்தவன் மேலிருந்து கத்தினான்.

அவள் பாறையடியில் போய் நின்று கண்களை மூடினாள்.

பாறை வெடித்துச் சரிந்தது.

தூசி அடங்கியதும் ஆட்கள் ஓடிவந்தார்கள். சுற்றிலும் வண்டி வண்டியாகக் கற்கள். நடுவே, கருங்கல்லைக் குடைந்ததுபோல் ஒரு குழி. சற்று முன்புவரை அங்கே குழியே கிடையாது என்று கொடிக்காரன் சத்தியம் செய்தான்.

உள்ளே ஜெபசீலி உயிரோடு கிடந்தாள்.

அவர்கள் அழைப்பது அவளுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவளுடைய கைகள் இரண்டும் நெஞ்சின்மேல் கிடந்தன.

ஆனாலும் யாரோ அவள் காதுகளை இறுகப் பொத்தியிருந்தார்கள்.

ஒரு காதில் பெரிய கை, காய்ப்பேறியது.

மற்றதில் சின்னக் கை.