ஐந்தாவது கோடு

அந்தக் கோட்டை நிறுத்தினாள்... மறுபடி எழுந்து வந்தது.

வெளியே மழை. மத்தியானத்திலேயே விளக்குப் போட்ட அலுவலகம். சுவரை அடைத்த பெரிய திரையில் புள்ளிகள் ஊர்ந்தன. பரிசோதனை முடிவுகளை நோயாளிகளுக்கு மெயிலில் அனுப்பும் இணையதளம் அது. வரிசையில் காத்திருக்கும் ஒவ்வொரு முடிவும் ஒரு புள்ளி. போய்ச் சேர்ந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. அனுப்புகிற கணினி நிரல் ஒவ்வொன்றும் ஒரு கோடு. மொத்தம் நான்கு நிரல்கள். இந்தப் படத்தை வரையத்தான் எட்டு நாள் முன்பு அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

திரையில் ஐந்து கோடுகள் ஓடின.

ஐந்தாவது, சிவப்புப் புள்ளிகளை மட்டும் தேடி வந்து தொட்டது. தொட்டதும் பச்சை. சில புள்ளிகளின் பக்கத்தில் மட்டும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம்... சும்மா நின்றது. துக்க வீட்டு வாசலில் தயங்குகிறவரைப் போல. எந்த நிரலும் தயங்காதே! பேயோ என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கை அக்கா, "அதையெல்லாம் பாக்காதம்மா" என்று எழுந்து போய்விட்டார். மேலாளரிடம் கேட்டுப் பயனில்லை. "நம்மகிட்ட எல்லாமே தானா நடக்குது!" என்று தினம் மூன்று தடவை முழங்குவதால் அவருக்கு முழுத்தானியங்கி என்று பெயர். வாசலில் நின்று முழங்கும்போதுகூட அவருடைய குடையை இன்னொருவர் பிடித்திருப்பார்.

இந்த முறை இணைப்பையே துண்டித்தாள்.

சுவர் இருமியது.

நாற்காலி இழுபடும் சத்தம். 'அபாயம், மின்சாரம்' என்று எழுதியிருந்த கதவு மெல்லத் திறந்தது... கலைந்த தலை. வெளிச்சத்துக்குக் கூசும் கண்கள்... கொட்டப் போகும் மழையை அடக்கி வைத்த மாதிரி.

"மேடம், என்னை அறுத்து விட்டது நீங்கதானா?"

"நீங்க... ஆளா?"

"வீட்ல அப்படித்தான் சொல்லிக்கிறாங்க."

சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும். "எட்டு நாளா என்னை நடுங்க வச்சது நீங்களா?"

தவறிப்போன முடிவுகளைக் கையால் திருத்தி அனுப்புவது அவன் வேலை. "சிலது கெட்ட சேதியா இருக்கும்ங்க... பட்டுன்னு தள்ளிவிட மனசு வராது. டாக்டருக்குப் போன் போட்டு, முதல்ல நீங்க அவங்ககிட்ட பேசிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் அனுப்புவேன்."

முழுத்தானியங்கி ஓடி வந்தார். "மூணு மணிக்கு முதலீடு பண்றவங்க வர்றாங்க. அந்த அஞ்சாவது கோட்டை எடுத்துடும்மா!"

"என் படம் பொய் சொல்லாது சார்."

"எடுத்துடுங்க மேடம்," என்றான் அவன். "வெளிய தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க. உங்க படம் பெருசா, என் பொழப்பு பெருசா?"

கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குச் சுருக்கென்றது. இணைப்பைத் திரும்பக் கொடுத்து, கோட்டை மட்டும் வீம்புக்கு எடுத்தே விட்டாள்.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் சிவப்புப் புள்ளிகள் பச்சையாகின. வயதான அம்மாள் ஒருவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "யாரோ தொடுற மாதிரி இருக்கே..."

"தானா நடக்குதுங்க!"

ஒரு சிவப்பு மட்டும் மாறவில்லை. நான்கு நிமிடம்... ஆறு...

"இது ஏன் அப்படியே நிக்குது?"

முழுத்தானியங்கியின் இஸ்திரி போட்ட சிரிப்பு கசங்கியது. "நீயே அனுப்பிடு!" என்று அவள் காதில் சீறினார். பட்டன் மேல் விரலை வைத்தாள். சுவருக்குப் பின்னால் தணிந்த குரல் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தது. இதை அமுக்கினால், எங்கேயோ ஒருவர் கையிலிருக்கும் போனில், தனியாக...

விரலை எடுத்தாள். ஐந்தாவது கோட்டைத் திரும்ப வரவழைத்தாள்.

"அது நிக்கலைங்க. கெட்ட சேதிங்கறதால முதல்ல டாக்டர்கிட்ட பேசிக்கிட்டிருக்கு."

கதவைத் திறந்துவிட்டாள். போனைக் காதில் வைத்தபடியே, 'கொஞ்சம் பொறுங்க' என்று அவன் கைகாட்டினான். முதலீடு பண்ண வந்தவர்கள் பொறுத்தார்கள்.

"எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வந்தப்ப நான் லிஃப்ட்ல இருந்தேன்," என்றார் அந்த அம்மாள். "முன்னாடி யாருமே பேசல. இந்தத் தம்பியை மட்டும் எடுத்துடாதீங்க."

"இதைத்தான் நாங்க மனிதத் தானியங்கின்னு சொல்றோம்!" என்றார் மேலாளர், மூச்சு விடாமல்.

எல்லாரும் போன பிறகு அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"என் பொழப்பைப் பணயம் வச்சுட்டீங்களே மேடம்..."

"வச்சேன். அந்தக் கோடு இல்லாம திரையைப் பாக்கவே முடியல... ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சுப் போச்சு. பேய்னு நினைச்சுக்கிட்டே..."

அவன் கண்கள் தாழ்ந்தன.

"யாரும் இல்லாதப்ப நீங்க திரைகிட்ட பேசுவீங்க... எட்டு நாளா அந்தப் பக்கம் நான் மூச்சைக்கூட மெதுவாத்தான் விட்டேன். நீங்க சொல்றதுல ஒரு வார்த்தைகூடத் தப்பிடக் கூடாதுன்னு..."