ஈரல் துடிக்காது

ஓசூர்ச் சாயங்காலக் குளிரும், மருந்து வாடையும், எலிக்கூண்டு மரத்தூளின் புளித்த நெடியும் கலந்து கிடந்த ஆய்வுக்கூடத்தில், எல்லா மெஷின்களையும் அணைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்த மோகனப்ரியாவின் காதில் ஏதோ சன்னமாகச் சொட்டியது. குழாயை இறுக்கி மூடினாள். சத்தம் நிற்கவில்லை. சொட்டவில்லை, துடிக்கிறது என்று மனசுக்குப் பட்டது. அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொள்ளாமல் இருப்பதில்தான் அவள் கெட்டிக்காரியாயிற்றே! அவள் சோதித்தது, தைராய்டு சுரப்பைப் போலச் செய்த புது மருந்து. ஈரல் கொழுப்பை மட்டும் கரைக்க வேண்டும், இதயத்தைத் தொடவே கூடாது. ஆனால் எலியின் இதயத்தை எடுத்து வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு மருந்தை ஊற்றியபோது அது தறிகெட்டு அடித்தது. மேலாளர் சுபாஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். யாரும் பார்க்காத நேரத்தில் மோகனப்ரியா அந்த உப்புநீர்த் தொட்டியின் சூட்டைக் கொஞ்சம் தணித்தாள். குளிர்ந்த இதயம் சொன்னபடி கேட்டது.

மருந்து பாஸாகி, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போயிற்று. பேர் கொடுத்தவர்களில் எலிக்கூண்டு கழுவும் ஆஞ்சப்பனும் ஒருவர். அவர் மாத்திரையை விழுங்கும்முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் வெட்கம் வாயை அடைத்தது. கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்கக்கூட இப்போது கூசியது.

சத்தம் மேசைமேல் இருந்த தட்டிலிருந்து வந்தது. மூடியைத் தூக்கினாள். மருந்தில் ஊறவைத்த எலி ஈரல் துண்டுகள். ஈரல் துடிக்காது. எந்த உயிரிலும் துடிக்காது. ஒவ்வொரு துண்டும் சுருங்கியது. விரிந்தது. எல்லாம் ஒரே சமயத்தில்.

கதவு திறந்தது. தட்டைப் படாரென்று மூடினாள்.

"இன்னும் கெளம்பலீங்களா மேடம்?" ஆஞ்சப்பன்தான். "காலைல மொத மாத்திரை முழுங்கனன். நீங்க சோதிச்சதுன்னுதான் தைரியமா பேரு குடுத்தன். ஆனா ஒரு மாதிரியா இருக்குதுங்க."

இப்போது சொன்னால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். சொல்ல வேண்டும். சொன்னால், தான் செய்தது தெரிந்துவிடும்.

"வாயுவா இருக்கும்ணா," என்றாள். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நெஞ்சுன்னா பயந்திருப்பன். இது வேற எடமுங்க."

சட்டையைத் தூக்கினார்.

வலது விலாவுக்குக் கீழே. கையகலத் தோல். எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. மேசைமேல் தட்டின் மூடி அதே தாளத்தில் தட்டியது. டக். டக். டக்.

ஆஞ்சப்பன் அவள் முகத்தையே நம்பிக்கையோடு பார்த்தார். "அப்ப வாயுதானுங்களா மேடம்?"

மோகனப்ரியா ஆமாம் என்று தலையாட்டினாள். தோல் வேகமெடுத்தது.