பதினாலு தடவை கவிழ்ந்த கப்பல்

கப்பல் என்றதும் நங்கூரமும் புகைபோக்கியும் உள்ள பெரிய கப்பலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கப்பலுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். முன்பற்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு.

அந்தப் பெயரை வைத்தவர்கள் கடற்கரைத் தோழர்கள். நீளமான பலகை மேல் நின்றுகொண்டு, உயரமான துடுப்பால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கடலில் போவாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அவளுடைய பலகை அவ்வளவு பெரியது. வீட்டில் அதற்குக் 'கட்டில்' என்றே பெயர். முன்பக்கம் தம்பி காலை நீட்டிப் படுத்து வாழைப்பழம் சாப்பிடுவான். கட்டில் அசையாது.

ஆனால் கட்டிலுக்கு அலை மேல் சறுக்கத் தெரியாது. அலை வந்தால் மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு நின்றுவிடும். திருப்பினாலோ, திரும்பி முடிப்பதற்குள் அலையே போய்விடும்.

"ஒரு சின்னப் பலகை மட்டும் கிடைக்கட்டும். அந்த அலையெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்று கப்பல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்பாவிடமும் சொன்னாள். அப்பா படகுகளும் பலகைகளும் பழுதுபார்ப்பவர். வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. அவர் அன்றைக்கே அவளை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார்.

"என்னம்மா இது, ஒரே வாரத்துல நாலு கிலோ ஏறிட்டே?"

"ஸ்கூல் பை தோள்லயே இருக்குப்பா."

"நல்லவேளை சொன்னே. கணக்குப் புத்தகத்துக்கும் சேர்த்துப் பலகை செஞ்சிருப்பேன்!"

ஒன்றரை மாதம் வேலை நடந்தது. மற்ற வேலைகளை முடித்துவிட்டு, கிடைத்த நேரத்தில் எல்லாம் அப்பா லேசான ஃபோம் கட்டையைப் பலகையாகச் செதுக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேலே ரெசின் பசையைப் பூசுவதற்கு முன்னால், வால் பக்கத்தில் பென்சிலால் 'கப்பல்' என்று எழுதினார். கண்ணாடி போன்ற பூச்சுக்குள் அந்த எழுத்து அப்படியே நின்றது.

"இனிமே யாராலயும் அழிக்க முடியாது" என்றார் பெருமையாக.

சனிக்கிழமை காலை. செய்தி எப்படியோ பரவி, கடற்கரைச் சுவர் மேல் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கப்பலின் உயிர்த்தோழி சுருட்டை. காவல் மேடையில் இருந்த நீச்சல்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

கப்பல் மிதவைச் சட்டையை மாட்டினாள். கணுக்காலில் பலகைக் கயிற்றைக் கட்டினாள். ராணி மாதிரி ஏறி நின்றாள்.

தொப்!

"ஒண்ணு!" என்று கரையிலிருந்து ஒரு குரல்.

தம்பிதான். அவன் ஒன்றாம் வகுப்பு. போன வாரம்தான் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டிருந்தான். அன்று முதல் மாடிப்படி, ஜன்னல் கம்பி, அப்பாவின் தும்மல் என்று எதையும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தான்.

கப்பல் மறுபடி ஏறினாள். கட்டிலில் நிற்பதுபோலவே இரண்டு காலையும் ஊன்றி, அசையாமல் நின்று அலைக்காகக் காத்திருந்தாள். பலகை இடப்பக்கம் நழுவியது.

"ரெண்டு!"

சுவர் மேல் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏழு!" "பத்து!" "அக்கா, பதினாலு!"

கப்பலின் மூக்கெல்லாம் உப்புத்தண்ணீர். காது இரண்டும் சுடச்சுட இருந்தன. பலகையை இழுத்துக்கொண்டு கரையேறினாள். ஐந்து பேரும் அவளையே பார்த்தார்கள்.

"கப்பல் கவிழ்ந்துடுச்சே!" என்றாள் சுருட்டை.

"நான் என்ன பண்றது?" கப்பலின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. "பலகை கோணல். ஒரு பக்கமா சாயுது."

"ஓ! அப்படியா? பாவம்ப்பா நீ" என்றார்கள் எல்லாரும்.

அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வரைக்கும்.

மத்தியானம் சுருட்டை தெருவில் சைக்கிளை நிறுத்திப் பட்டறைக்குள் தலையை நீட்டினாள். "மாமா, நீங்க செஞ்ச பலகை கோணலாமே?"

அப்பாவின் கையில் இருந்த தூரிகை நின்றது. வீட்டுக்குள் வந்து கப்பலிடம், "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

கப்பல் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்.

அப்பா பலகையை மேடையில் ஏற்றினார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை முன்னால் வைத்துப் பார்த்தார். பின்னால் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த குமிழி நடுவிலேயே நின்றது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"சாப்பாடு ஆறிப்போச்சு" என்றாள் அம்மா.

"நீ சாப்பிடு. எங்க தப்பு பண்ணேன்னே தெரியலை. எனக்குக் கண்ணு மங்கிடுச்சோ என்னமோ." குரல் சின்னதாக இருந்தது. "வாலை அறுத்து, உள்ளே பார்த்தாத்தான் தெரியும்."

சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோடு சரியாக 'கப்பல்' என்ற எழுத்தின் மேல் ஓடியது.

வாசல்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தவளை அம்மா பார்த்தாள். "ஏன்டி, கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கே?"

எப்போதும் எல்லாரும் சொல்வதுதான். இன்றைக்கு மட்டும் சுருக்கென்று குத்தியது. விழுந்தபோது வந்த வெட்கம் தலையைத் துவட்டியதும் பாதி போய்விட்டது. இந்த வெட்கம் போகவில்லை. அப்பா கண்ணைத் தேய்த்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அது கூடிக்கொண்டே போனது.

பட்டறையில் ரம்பத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.

கப்பல் ஓடினாள்.

"அப்பா, அறுக்காதீங்க!"

ரம்பம் கோட்டின் மேல் இருந்தது.

"பலகை நேராத்தான் இருக்கு. எனக்குத்தான் நிக்கத் தெரியலை. நான்தான் விழுந்தேன். எல்லாரும் பார்த்தாங்களா... அதான் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்." மூச்சு வாங்கியது. "பதினாலு தடவைப்பா."

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

"நல்லா இருக்குப்பா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துணியை எடுத்து அவளே சிவப்புக் கோட்டைத் தேய்த்தாள். பென்சில் கோடு சட்டென்று போய்விட்டது. சுவர் மேல் உட்கார்ந்திருந்த ஐந்து பேரிடம் சொன்னது அப்படிப் போகாது. அது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி பின்னாலேயே வர, கப்பல் பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஐந்து பேரும் அதே சுவரில் இருந்தார்கள்.

"கோணல் சரியாயிடுச்சா?" என்றாள் சுருட்டை.

"அது கோணலே இல்லை. நான் பொய் சொன்னேன். எங்க அப்பா சரியாத்தான் செஞ்சிருக்கார்."

சுருட்டை, "அப்ப நீதான் கோணலா?" என்றாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

கப்பலின் முகம் பற்றி எரிந்தது. பதில் சொல்லாமல் தண்ணீரில் இறங்கினாள். பலகை மேல் ஏறினாள். அந்தச் சிரிப்பிலிருந்து தூரமாகப் போனால் போதும். ஒரே இடத்தில் நிற்கவில்லை, அலைக்காகக் காத்திருக்கவில்லை. இடப்பக்கம் நாலு தள்ளு, வலப்பக்கம் நாலு தள்ளு என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒரு கால் தானாகக் கொஞ்சம் பின்னால் போனது.

தலையை நிமிர்த்தியபோது பக்கத்தில் வெள்ளை மிதவை ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரமா? விழவே இல்லையா?

ஆச்சரியத்தில் துடுப்பு நின்றது.

தொப்!

"ஒண்ணு!" என்று கரையில் தம்பி துள்ளினான்.

தண்ணீருக்குள்ளேயே கப்பலுக்குப் புரிந்துவிட்டது. கட்டில் மாதிரி இது சும்மா நிற்காது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் இது நிலையாக இருக்கும்.

ஏறினாள். தள்ளினாள். "ரெண்டு!" மறுபடி ஏறி, கரையைப் பார்த்துத் தள்ளினாள். "மூணு!" பின்னால் ஒரு அலை முதுகைத் தூக்கியது. இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. பலகை மூக்கைத் தண்ணீரில் குத்தவில்லை. சோப்புத்துண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. முட்டி அளவு அலைதான். ஆனாலும் அலை!

கரையில் வந்து இறங்கியபோது சுவர் காலியாக இருந்தது. ஐந்து பேரும் தண்ணீருக்குள் நின்றார்கள்.

"ஏய், எனக்கு ஒரு தடவை குடேன்" என்றாள் சுருட்டை.

"குடுக்கிறேன். சும்மா நின்னா விழுவே. தள்ளிக்கிட்டே இரு."

சுருட்டை விழுந்தாள். அடுத்தவனும் விழுந்தான். தம்பிக்குக் குரல் கட்டிப்போனது. "நாப்பத்தொண்ணு! எல்லாரும் ஒரே நேரத்துல விழாதீங்க, எண்ண முடியலை!"

"நானும் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

அப்பா. பட்டறை அழுக்குச் சட்டையோடு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"அப்பா, அது என் எடைக்குச் செஞ்சது! நீங்க என்னை மாதிரி ரெண்டு பேர்!"

"ஸ்கூல் பை இல்லாமத்தான் வந்திருக்கேன்" என்றபடியே அப்பா ஏறினார்.

பலகை முழுசாகத் தண்ணீருக்குள் போனது. அப்பாவும் போனார். மேலே வந்தபோது தலையில் ஒரு பாசிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. கரை முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தினார்:

"பலகை கோணல்!"

நேற்றிலிருந்து சிரிக்கவே சிரிக்காத கப்பல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, பலகையே இல்லாமல் தண்ணீரில் கவிழ்ந்தாள்.

"இதையும் எண்ணணுமா?" என்றான் தம்பி.