விபூதி போட்டுத் துலக்கிய டாலர்

“ஐயையோ... என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!”

ஷார்ஜா ரோலாவில், டீக்கடை வாசலில் மஹதி போட்ட சத்தத்தில் கரக் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது.

எதிரே நின்றவன் பாலகுரு. பரமக்குடிக்காரன். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் ஃபோர்மேன். அவன் உள்ளங்கையில் 1883-ஆம் வருஷத்து அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று பளபளவென்று மின்னியது. அதுதான் வினையே!

“நேத்து ஃபோட்டோவுல கருப்பா இருந்துச்சே மேடம்... நல்லா இருக்கட்டும்னு விபூதி போட்டுத் தேய்ச்சேன். ஊர்ல வெள்ளிக் கொலுசெல்லாம் அப்படித்தானே துலக்குவோம்?”

“கொலுசும் இதுவும் ஒண்ணா? அந்தக் கருப்புக்குத்தாங்க மதிப்பு! அது தானா ஏற நூறு வருஷம் ஆகும்!”

வீடு காலி செய்த அமெரிக்கர் ஒருவர் பக்‌ஷீஷாகக் கொடுத்த காசு அது. நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விலை கேட்டு அவன் படம் போட்டதுமே மஹதி கண்டுபிடித்துவிட்டாள். காசு தேய்ந்திருந்தாலும் எழுத்துகளின் இடுக்கில் கண்ணாடிப் பளபளப்பு மிச்சமிருந்தது. அப்படியென்றால் அது ப்ரூஃப். சேகரிப்பவர்களுக்காகத் தனியாக அச்சடித்து, பெட்டியில் வைத்துக் கொடுப்பது. அதையும் யாரோ ஒரு மகராசன் எடுத்துச் செலவு பண்ணியிருக்கிறான்! அப்படிக் கை மாறித் தேய்ந்த ப்ரூஃப்களைத்தான் மஹதி தேடித் தேடி வாங்குவாள். ஆடிட்டர் சம்பளத்தில் பாதி அதற்கே போகும்.

ஆத்திரத்தில் வாய் நீண்டுவிட்டது. “தெரியாதவங்க கையில கிடைச்சா இதான் கதி!”

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... அப்பப்பா, கோபத்தில் கூட என்ன ஒரு கருமை!

“தெரியாதுதான் மேடம். சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன். இது விக்கிறதா இல்ல... கலாஸ், முடிஞ்சுது.”

விறுவிறுவென்று போயே போய்விட்டான். போனால் போகட்டும் என்று அவள் காரை எடுத்தாள். எடுத்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது மழை. வருஷத்துக்கு ஒருமுறை பெய்தாலும் ஷார்ஜா மழை சும்மா விடுமா? தெரு முழுக்க வெள்ளம், நடுவில் அவள் கார் நின்றுவிட்டது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தொப்பலாக நனைந்து, கையில் கயிறோடு பாலகுரு!

“பிக்கப்ல ஏறுங்க மேடம். எனக்குக் கோபம் உங்க மேலதான், உங்க கார் மேல இல்ல.”

மஹதி சிரித்துவிட்டாள். அவன் இமையில் ஒரு துளி விழாமல் நின்றது... பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அஜ்மானில் அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, டாலரை நீட்டினான். “காசு வேணாம். பாழாக்கினது நான்தானே?”

“பாழாக்கினது நிஜம். ஆனா தூக்கிப் போட மாட்டேன்.”

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் டீ. ஒரு நாள் கேட்டான். “பெட்டியிலயே புதுசா இருக்கிற காசுக்குத்தான் விலை ஜாஸ்தியாமே... நீங்க ஏன் தேஞ்சதா தேடுறீங்க?”

“பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கிறதுல என்னங்க பெருமை? இது வெளிய போச்சு. யாரோ இதைக் கொடுத்து மாவு வாங்கியிருப்பாங்க, செருப்பு வாங்கியிருப்பாங்க... அத்தனை பேர் கை பட்டும் அந்தக் கண்ணாடி போகல பாருங்க!”

அவன் காசைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் அப்பா காதுக்குப் போனது. அனந்தகிருஷ்ணன் வங்கியில் பெரிய அதிகாரி. கத்த மாட்டார். பாலகுருவுக்கு ஃபோன் போட்டார். “தம்பி, அவ படிப்பென்ன, உன் வேலையென்ன? நீயா ஒதுங்கிட்டா நல்லது.”

மறுநாளே ஒரு மெசேஜ். ‘உங்கப்பா சொல்றது சரிதான் மேடம்.’ அதற்குமேல் அவன் ஃபோனை எடுக்கவே இல்லை.

சரியாமே! யார் கேட்டது உன் தீர்ப்பை? மஹதி தலையணையைக் குத்தினாள், அழுதாள், மறுபடி குத்தினாள்.

துபாயில் நாணயக் கண்காட்சி வந்தது. மஹதியின் காசுகளுக்கும் அங்கே ஓர் இடம். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அங்கேயே வந்து உன்னைப் பார்க்கறாங்க. அந்தத் தேய்ச்ச காசை மட்டும் வைக்காதே, மானம் போயிடும்” என்றார் அப்பா. மஹதி அதைத்தான் நட்டநடுவில் வைத்தாள்.

கண்ணாடிப் பெட்டிகளை இறக்க வந்தது பாலகுருவின் கம்பெனி. யூனிஃபார்மில், சுவரோரமாக, தலை குனிந்து நின்றான். பாவி... இளைத்துப் போயிருந்தான்.

நாணயம் சேர்ப்போர் சங்கத் தலைவர் மீராசா லென்ஸோடு குனிந்தார். “எல்லாம் அருமைம்மா. நடுவுல இது மட்டும்... யாரோ தேய்ச்சுக் கெடுத்திருக்காங்களே. யார் பார்த்த வேலை?”

மாப்பிள்ளையின் அம்மாவும் எட்டிப் பார்த்தார். ‘வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு’ என்று ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அதைத்தான் சொல்லேன் என்று அப்பாவின் கண்கள் கெஞ்சின. மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

“நான் கட்டிக்கப்போறவர், அங்கிள். விபூதி போட்டுத் தேய்ச்சார்.”

“மஹதி!”

“ஆமாம்ப்பா. வந்தவங்களுக்கு மரியாதையா காபி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைங்க.”

நேராகச் சுவரோரம் போய் நின்றாள். “ஃபோன் எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“மேடம்... என்னை ஒரு வார்த்தை கேக்காமயே...”

“இப்போ கேக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு? படிப்பு, சம்பளம், எங்கப்பா... எதுவும் வேண்டாம். அதை மட்டும் சொல்லுங்க.”

பாலகுரு அவளைத் தாண்டி வந்தான். அனந்தகிருஷ்ணன் முன்னால் நின்று, முதல்முறையாக அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்தான்.

“ஒதுங்கச் சொன்னீங்க சார். ஒதுங்கிப் பார்த்தேன்... முடியல. உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அத்தனை பேர் முன்னாலும் நிமிர்ந்து நின்ற மஹதிக்கு, அப்போதுதான் வெட்கம் வந்தது.