பூஜ்ஜியப் பேழை

ஆஸ்பத்திரியின் இயந்திர மருத்துவக்கரம் ஊசியோடு சவரிமுத்துவுக்கு மேலே அசையாமல் நின்றது. உப்பளத்தில் பாம்பு கடித்து வந்தவர். கால் முழங்கால்வரை கறுத்து வீங்கியிருந்தது. எந்த மருந்து அவர் உடம்புக்கு ஆகாது என்று உடற்பதிவைப் பார்க்காமல் கரம் ஊசி போடாது. சட்டம் அப்படி.

பதிவு வரவில்லை.

ஆய்வுக்காக வந்திருந்த திலகவதிக்குத் திரையைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. சவரிமுத்துவின் பதிவு எண்ணான முதற்குறி 00 என்று தொடங்கியது.

இருபது வருடங்களுக்கு முன் அந்த அமைப்பை வடிவமைத்தவள் அவள்தான். ஏழு கோடிப் பேரின் பதிவுகளை ஒரே இயந்திரம் தாங்காது. பேழை என்ற நூறு தனித்தனி இயந்திரங்களில் பிரித்து ஊர் ஊராக வைத்தாள். ஒருவருடைய முதற்குறி இன்னொருவருக்கு இருக்காது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் வீடு இருக்கும் வட்டம். எந்தப் பேழையில் தேடுவது என்பதை அதுவே சொல்லிவிடும். கண் இமைப்பதற்குள் பதிவு வந்துவிடும். நிரந்தர விலாசம் இல்லாதவர்களுக்கு? 00 என்று போட்டாள். எண்பது லட்சம் பேர் ஒரே பேழைக்குள் போய் விழுந்தார்கள். சோதனையின்போதே அது திணறியது. “அவங்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அவ்வளவா வர மாட்டாங்க” என்று சொல்லிக் கையெழுத்திட்டதும் அவள்தான்.

பதினோரு நிமிடம் கழித்துப் பதிவு வந்தது. உயிர் பிழைத்தது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

சவரிமுத்துவின் மனைவி மரியபுஷ்பம் வெளியே வந்து கைகூப்பினாள். “நல்லா இருங்க மேடம். எங்க அண்ணனுக்கு அரை மணி நேரம் ஆச்சு, அவன் போய்ச் சேர்ந்துட்டான். இவருக்குச் சீக்கிரமா வந்துட்டு.”

திலகவதியால் அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. “அது சீக்கிரம் இல்லம்மா. மத்தவங்களுக்கு ஒரு நொடிகூட ஆகாது. உங்க எல்லாரையும் ஒரே பெட்டியில அடைச்சது நான்தான்.”

மரியபுஷ்பத்தின் கைகள் இறங்கின. “தெரிஞ்சேவா செஞ்சீங்க?”

“தெரிஞ்சுதான்.”

அவள் திரும்பிக் கணவனிடம் போய்விட்டாள்.

மறுவாரம் திலகவதி நிர்வாகக் குழுவின் முன் நின்றாள். வட்டத்தை விட்டுவிட்டு, குலுக்கிப்போட்ட எண்ணை முதற்குறியாக்கினால் எல்லாரும் எல்லாப் பேழைகளிலும் சமமாகப் பரவுவார்கள் என்றாள். ஆனால் இருக்கும் குறியைத் திருத்த முடியாது. ஏழு கோடிப் பதிவுகளையும் புதுக் குறியில் மறுபடி எழுத வேண்டும். அது முடியும்வரை, ஒரு வருடத்துக்கு, எல்லாருமே பத்து நொடி காத்திருக்க நேரும்.

“பத்து நொடியா? ஜனங்க சும்மா விடுவாங்களா?” தலைவர் கோப்பை மூடிவிட்டார்.

அன்றே அவள் தன் பதிவை 00 குறியில் புதிதாக எழுதிவிட்டு, பழையதை அழித்தாள். அன்றிரவு கொஞ்சம் தூங்கினாள்.

மூன்றாம் மாதம் அவளுக்கு நெஞ்சு வலித்தது. படுக்கைக்கு மேலே கரம் நின்றுகொண்டிருந்தது. 00 பேழையில் அவளுக்கு முன்னால் நாற்பது பேர் காத்திருப்பதாகத் திரை காட்டியது.

பணியிலிருந்த மருத்துவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். “மேடம், நீங்களா! அதிகாரிகளுக்கு விலக்கு இருக்கே. உங்க பதிவை முன்னாடி எடுத்துறட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வலி தோளுக்கு ஏறியது.

“எடுங்க” என்றாள்.

கரம் உடனே இறங்கியது. திரையில் நாற்பது பேரும் ஓரிடம் பின்னால் போனார்கள். அதைப் பார்க்க முடியாமல் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.