சலங்கையை வெட்டிய கை

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குள் இசையமைப்பாளர் ஜெகதீசன் புயலாக நுழைந்தார். உட்காரச் சொல்வதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்.

“ரிலீசுக்கு மொத நாளே என் பாட்டு டெலிகிராம்ல சுத்துது மேடம்! இன்னொண்ணு லீக் ஆனா ஆல்பமே கேன்சல்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். பண்ணது யாருன்னு மட்டும் காட்டுங்க. அப்புறம் அந்த ஆளு எந்த ஸ்டுடியோ வாசலையும் மிதிக்க முடியாது.”

பாட்டுத் திருடர்களைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட பதருன்னிசா, அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார். “காப்பி யார் யார்கிட்ட இருந்தது?”

மூன்று பேர். மிக்சிங் செய்யும் சைஃபுல்லா, வீடியோ எடிட்டர் தாமோதரன், டிராக் பாடும் பிரபா. பெரிய பாடகி கேட்டுப் பழகுவதற்காக முதலில் பாடிக் கொடுப்பவள் பிரபா. பிறகு அவள் குரலை அழித்துவிட்டுப் பாடகியின் குரலை வைப்பார்கள். அது சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்வதும் அவள் வேலைதான்.

“நீங்க வேணாம்னு ஒதுக்கின பாட்டு ஏதாவது இருக்கா?”

இருந்தது. அது ஒதுக்கப்பட்டது பாடியவளுக்கே தெரியாது. பிரபாவின் டிராக் குரலோடு கிடந்த அதையே ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு என்று சொல்லி, மறுநாள் மாமல்லபுரம் ஸ்டுடியோவில் மூவருக்கும் கொடுத்தார்கள். பதருன்னிசா ஒவ்வொருவரையும் தனித்தனியே வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார்.

அவருடைய உதவியாளன் தாவீது தலையில் அடித்துக்கொண்டான். “இன்னாக்கா இது? உன் காப்பியில இந்த எடத்துல ரகசிய அடையாளம் வெச்சிருக்கேன்னு அவங்ககிட்டயே சொல்லிக்கினு கீறீங்க. திருடினவங்க அத்த வெட்டிட்டுப் போட்டா?”

“வெட்டட்டும்.”

இந்த அம்மாளிடம் வந்ததே தப்போ என்று ஜெகதீசனுக்குத் தோன்றியது. கடலைப் பார்த்தபடி நின்று, மூவரில் யார் கழுத்தைப் பிடிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

அந்த வாரமே பாட்டு வெளியே போய்விட்டது. பதருன்னிசா எல்லோரையும் ஸ்டுடியோவில் கூட்டினார். ஜெகதீசனின் போனை ஸ்பீக்கரோடு இணைத்து, லீக்கான பாட்டை ஓடவிட்டார்.

“என்ன குறையுது சார்?”

ஜெகதீசன் நிமிர்ந்தார். “ரெண்டாவது சரணத்துக்கு முன்னால சலங்கை வரணும். காணோமே!”

“மூணு காப்பியும் ஒண்ணுதான். நான் எந்த அடையாளமும் வைக்கல. ஆரம்பத்துல வர்ற மோர்சிங்தான் அடையாளம்னு சைஃபுல்லாகிட்ட சொன்னேன். கடைசியில வர்ற அலைச் சத்தம்னு தாமோதரன்கிட்ட சொன்னேன். ரெண்டும் அப்படியே இருக்கு. சலங்கைன்னு சொன்னது ஒருத்தர்கிட்ட மட்டும்தான்.” பதருன்னிசா திரும்பினார். “தாளம் தப்பாம வெட்டியிருக்கே பிரபா. திருடும்போதுகூடப் பாட்டைக் கெடுக்க மனசு வரலியாம்மா?”

“நீயா?” என்று வாயைப் பிளந்தார் தாமோதரன்.

பிரபா தலை குனியவில்லை. “நான்தான். மொதப் பாட்டு உன் குரல்லதான் வரும்னு கோயில் வாசல்ல நின்னு சத்தியம் பண்ணீங்களே சார்! எங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கினு இருந்தாங்க. அப்புறம் என்னையே கூப்ட்டு, அந்தப் பாடகிக்கு வரி வரியா சொல்லிக் குடுக்க வெச்சீங்க. அன்னிக்கே முடிவு பண்ணேன். எனக்குப் பேரும் வேணாம், புகழும் வேணாம். நீங்க நாசமாப் போவணும்.”

“போலீசைக் கூப்பிடுங்க மேடம்!” ஜெகதீசன் கத்தினார். “இனிமே உன் குரல் எங்கயும் கேக்காதுடி!”

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எடுத்ததும் கம்பெனிக்காரரின் குரல் ஸ்டுடியோ ஸ்பீக்கரில் முழங்கியது.

“ஜெகதீசன், லீக்கானது போனாப் போவுதுய்யா, ஊரே அதைத்தான் பாடுது! யாரு அந்தப் பொண்ணு? ஆல்பம் பூரா அவளையே பாட வெய்யி. அவ இல்லன்னா ஆல்பமே வேணாம்.”

போன் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் போலீசைக் கூப்பிட்ட அதே வாய், “பிரபா, உக்காரும்மா. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்” என்றது.

பிரபா வாசலில் நின்று நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“வேற யாரையாவது வெச்சுப் பாடிக்குங்க சார். வேணும்னா வந்து டிராக் பாடிக் குடுக்கறேன்.”